நேரடிக் கண்காணிப்பு

எங்கள் பக்கத்து மேசன் ஒருவருக்கு அரசாங்கம் ஆங்கிலத்தில் ஒரு பட்டம் கொடுத்திருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஏ-9 வீதியிலிருந்து உள்ளே பதினொரு கட்டை தள்ளிக் குடியிருப்பவர். பட்டத்தைக் கையளிக்க மோட்டார்சைக்கிளில் வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிஎச்ஐ தம்பி, நல்ல பிள்ளை. வேப்பமரத்துக்குக் கீழே ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, ரெண்டு மாசமா மருந்தெடுக்க வரேல்லை. இனி நீங்கள் டிபோல்டர்."

"அதென்ன தம்பி, சம்பளம் உள்ள வேலையோ?"

சம்பளம் இல்லாத வேலைதான். காசநோய்க்கு மருந்து தொடங்கி, தொடர்ந்தாற்போல் இரண்டு மாதமோ அதற்கு மேலோ நிறுத்திவிட்டவருக்கு அந்தப் பெயர். மருந்தை நிறுத்தியவர். இந்தச் சொல் நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்துக்கு 2013 இல் உறைத்தது. படிவத்திலிருந்து அதை எடுத்துவிட்டு, 'தொடர்பு அறுந்தவர்' என்ற கருத்துப்பட வேறொன்றைப் போட்டார்கள். படிவம் மாறிவிட்டது, நாக்கு இன்னும் மாறவில்லை. ஆனால் வன்னியில் 'தொடர்பு அறுந்தவர்' என்று ஒரு நிரலைத் திறப்பதற்கு முன் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி அங்கேதான் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு குந்தத் தொடங்கினார்கள். தொடர்பை அறுத்தது யார் என்று அவர்களிடம் இடம், திகதி, நேரம் எல்லாம் இருக்கிறது. அந்தப் பதிவேட்டைத்தான் யாரும் கையெழுத்துப் போட்டு வாங்கவில்லை.

மேசன் ஏன் நிறுத்தினார் என்பது ஆராய்ச்சிக்குரிய மர்மமல்ல. ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு: ரிபாம்பிசின், ஐசோநயசிட், பைரசினமைட், எதம்பியூட்டோல். பிறகு நான்கு மாதம் முதலிரண்டு மட்டும். வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். சில வாரத்தில் காய்ச்சல் போய்விடும், இருமல் அடங்கும், கன்னத்தில் சதை பிடிக்கும். மூன்றாம் மாதமளவில் நோயாளிக்குத் தெரிகிற ஒரே நோய் மருந்துதான். குமட்டல், மூட்டு உளைவு, தேசிக்காய்ச் சாயம் போய்ச் செம்மஞ்சளாக இறங்கும் சிறுநீர். வைத்தியசாலை திறப்பது எட்டு மணிக்கு. சாந்து குழைக்கிற வேலை தொடங்குவது ஏழரைக்கு. எட்டு மணிக்கு மருந்து வரிசையில் நிற்கிற மனிதனுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. மூன்று நாள் அப்படி நின்றால் வீட்டுக்காரர் வேறு பாஸைப் பிடித்துவிடுவார். சோற்றுக்கும் குளிசைக்கும் நடுவில் அவர் சோற்றைத் தெரிந்தெடுத்தார். இதை அறிக்கையில் 'விழிப்புணர்வு இன்மை' என்று எழுதுவார்கள்.

விழிப்புணர்வுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ரொபேர்ட் கொக் 1882 இல் பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டதாக அறிவித்த நாள் மார்ச் 24. வருடா வருடம் அந்த நாளில் வன்னி வெயிலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பதாகையோடு நடக்கவிட்டு விழிப்புணர்வு ஊட்டுகிறோம். பிள்ளைகளுக்கு மயக்கம் வருகிறது. பிரமுகருக்கு மாலை வருகிறது. நவம்பரில் இன்னொரு வாரம், 18 முதல் 24 வரை, அன்டிபயட்டிக்கை அளவோடு பாவிப்போம் என்று வேறு பதாகை. இரண்டுக்கும் அதே மண்டபம், அதே ரோல்ஸ், அதே நன்றியுரை.

இனி விஷயத்தை அறிவியலாகவும் சொல்லவேண்டும். நுரையீரலில் ஒரு குழி விழுந்தால் அதற்குள் பத்துக் கோடி கிருமி குடியிருக்கலாம். அதில் பத்து இலட்சத்துக்கு ஒன்று, ஐசோநயசிட்டைக் கண்ணால் காணாமலே, பிறவியிலேயே அதற்கு அசையாததாகப் பிறக்கிறது. கணக்குப் பார்த்தால் அந்தக் குழிக்குள் அப்படி ஒரு நூறு. ஐசோநயசிட்டை மட்டும் கொடுத்தால் மற்றதெல்லாம் சாகும், அந்த நூறு பெருகிக் குழியை நிரப்பும். ரிபாம்பிசினுக்கு அசையாதது பத்துக் கோடிக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் அசையாத ஒன்றைக் காணக் கோடியைக் கோடியால் பெருக்கிய தொகை கிருமி வேண்டும். அவ்வளவு கிருமி எந்த நெஞ்சுக்குள்ளும் இல்லை. கூட்டு மருந்தின் மாயம் முழுக்க இந்தப் பெருக்கல்தான். இந்தப் பெருக்கலைக் கற்பதற்கு உலகம் கொடுத்த விலையும் உண்டு. 1948 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியே கொடுத்துப் பார்த்தார்கள். முதல் ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் இறந்தவர் 4 பேர்தான். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டி முடிவதற்குள் கிருமி மருந்தைப் பழகிவிட்டது. ஐந்து வருடம் கழித்து எண்ணிப் பார்த்தபோது மருந்து பெற்றவரும் பெறாதவரும் கிட்டத்தட்ட ஒரே சுடலையில் கிடந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இந்தக் கிருமியின் குணத்துக்கு ஒரு நற்சான்றாக. மற்றக் கிருமிகள் எதிர்ப்புச் சக்தியை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கும். குடலில் இருக்கிற ஒன்று தன் பக்கத்து வீட்டுக்காரனிடம் கடனாக வாங்கி, இரவோடிரவாகப் பெலத்துவிடும். காசநோய்க் கிருமிக்கு அந்தப் பழக்கம் இல்லை. இந்தத் தீவில் கடன் வாங்காமல் சீவிக்கிற ஒரே உயிர் அதுதான். ஆகவே, மருந்துக்கு அடங்காத காசநோய் எங்கே தென்பட்டாலும், அது யாரோ ஒரு மனித உடம்பில் முறிந்துபோன ஒரு சிகிச்சையில் உருவானது, அல்லது அப்படி உருவான ஒருவரிடமிருந்து தொற்றியது. மெழுகுச் சட்டை போட்ட, இருபது மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மட்டும் இரண்டாகப் பிரிகிற சோம்பேறிக் கிருமி. எங்கள் கச்சேரியில் கோப்பு நகர்கிற வேகம். அந்தச் சோம்பேறித்தனமே அதன் பாதுகாப்பு. தூங்குகிற கிருமியை மருந்து இலகுவில் தொடாது. மிச்ச நான்கு மாதமும் அந்தத் தூங்குமூஞ்சிகளுக்காகத்தான்.

இந்தத் துறையில் பழைய விதியொன்று உண்டு: தோற்றுப்போன கூட்டு மருந்தில் தனியொரு புது மருந்தைச் சேர்க்காதே, புதியதையும் பறிகொடுப்பாய். உலக சுகாதார நிறுவனமே இந்த விதியை மறந்து, மறுபடி நோய் வந்தவர்களுக்குப் பழைய மருந்தோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை மட்டும் கூட்டிக் கொடுக்கச் சொல்லி, 2017 இல்தான் அதைக் கைவிட்டது. எங்கள் தமிழ்க் கட்சிகள் இன்னும் கைவிடவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதே நான்கு மாத்திரை, கூட ஒரு புது முகம். புது முகமும் ஆறு மாதத்தில் அசையாததாகிவிடுகிறது.

மேசனுக்கு முதலில் இருமல் வந்தபோதே கிளினிக்குக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனார், பாமசிக்கு. பட்டணத்தில் அவர் ஏறிய பாமசிகளில் அவருக்குத் துண்டு கேட்கவில்லை, சளி சோதிக்கவும் சொல்லவில்லை. ஓர் அட்டையில் பாதியை வெட்டிக் கொடுத்தார்கள், ஏனென்றால் முழு அட்டைக்கு அவரிடம் காசில்லை. மூன்று நாளைக்கு ஒரு நிறம், அடுத்த கிழமை வேறு நிறம். அதில் லெவோபுளொக்சசின் வகைக் குளிசையும் இருந்திருந்தால் அதுவே ஒரு தனி விசேஷம். அது காசநோயைக் கொஞ்சம் அமத்தும், ஆனால் மாற்றாது. இருமல் குறைந்ததுபோலக் காட்டி, நோயை இன்னும் இரண்டு மாதத்துக்கு ஒளித்து வைக்கும். பிற்காலத்தில் மருந்துக்கு அடங்காத காசநோய் வந்தால் கடைசியாகக் கைகொடுக்க வேண்டிய ஆயுதங்களில் அதுவும் ஒன்று. அதை நாங்கள் தடிமனுக்குச் சுட்டுப் பழகுகிறோம். துண்டில்லாமல் அன்டிபயட்டிக் விற்கக்கூடாது என்பது சட்டம். சட்டத்தைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில்.

சரி, நோயைக் கண்டுபிடித்தாயிற்று. மருந்தும் இலவசம். இனி, அவர் விழுங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை. நோயாளி சுகாதார ஊழியரின் கண் முன்னால் குளிசையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். உலகத்தில் பல நாடுகளில் இதற்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்களாம். இதை வாசித்தபோது நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். கண்காணிக்க ஆள் இல்லையா? வன்னியிலா?

முல்லைத்தீவு மாவட்டத்தில் குறைந்தது 60,000 படையினர், இரண்டு பொதுமக்களுக்கு ஒரு சிப்பாய் என்று 2017 இல் யாழ்ப்பாணத்து அடையாளம் கொள்கை ஆய்வு மையமும் பேர்ள் அமைப்பும் சேர்ந்து கணக்குப் போட்டு வெளியிட்டன. இரண்டு பேருக்கு ஒருவர்! ஜெனீவாவில் இருக்கிற எந்தக் காசநோய் நிபுணரும் கனவிலும் கேட்டிராத விகிதம். காலையில் ஆளுக்கு இரண்டு பேரை நிறுத்தி நாக்கைத் தூக்கச் சொன்னால், எட்டு மணிக்கு முன்னமே மாவட்டம் முழுக்க மருந்து குடித்து வேலைக்குப் போயிருக்கும். புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளியின் வீட்டுக்குச் சிவில் உடுப்பில் ஆள் வருகிறார்கள். ஆர் வந்தது, ஆர் போனது, வெளிநாட்டிலிருந்து காசு வருகுதோ, மாவீரர் நாளுக்கு எங்கே நின்றாய் எல்லாம் கேட்கிறார்கள். நெஞ்சுக்குள் இருமல் இருக்கோ என்று மட்டும் கேட்பதில்லை. நினைவேந்தலுக்கு விளக்கேற்றப் போகிற தாயைப் படம் பிடிக்கக் கமரா இருக்கிறது. அவளுடைய நெஞ்சைப் படம் பிடிக்கிற எக்ஸ்ரேக்குத்தான் பஸ் ஏறிப் பட்டணம் போகவேண்டும்.

நுண்கடன்காரரையும் மறக்கக்கூடாது. மழைக்கு முழங்கால் சேறு நிற்கிற ஒழுங்கை, பெயர்ப்பலகை இல்லை, தபால்காரரே இரண்டு தரம் விசாரித்து வருகிற இடம். கடன் நிறுவனத்துப் பொடியன் கிழமைக்குக் கிழமை அதே நேரத்துக்கு வந்து நிற்பான். காசு கட்டும்வரை திண்ணையை விட்டு எழும்ப மாட்டான். தவணை தவறிய பெண்ணைத் தேடித் தோட்டத்துக்கும் போவான், செத்த வீட்டுக்கும் போவான். அவனுடைய புத்தகத்தில் 'தொடர்பு அறுந்தவர்' என்ற நிரலே கிடையாது. இந்தக் கடன்களால் வடக்குப் பெண்கள் பட்ட பாடு தாங்காமல் 2018 இல் அரசாங்கமே வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை நீக்குவதாக அறிவிக்க வேண்டி வந்தது. வட்டி போகிற வீட்டுக்கு ஒரு குளிசை போக வழி தெரியாதென்று சொல்வதை நான் நம்பவில்லை. ஒழுங்கை எல்லாருக்கும் தெரியும்.

உலகத்திலேயே மிகவும் நேரடியாகக் கண்காணிக்கப்படுகிற சனங்களில் நாங்களும் சேர்த்தி. அந்தச் சொற்றொடரில் மூன்றாவது சொல்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் மருந்தை நிறுத்திய வேறு சிலரையும் பதிவேட்டில் ஏற்றவேண்டும்.

2008 செப்டெம்பரில் ஐ.நா.வையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அரசாங்கம். வாகனத் தொடரணி கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டபோது சனம் மறித்து நின்று போகவேண்டாம் என்று அழுதது. 2009 சனவரி 2 இல் கிளிநொச்சி விழுந்தது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வைத்தியசாலையும் சனத்தோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது. அதுவும் ஒரு அகதி. உள்ளே எத்தனை பேர் என்று கேட்டால் எழுபதினாயிரம் என்றது கொழும்பு. அங்கேயே நின்ற உதவி அரசாங்க அதிபர் அனுப்பிய கணக்கு மூன்று இலட்சத்துக்கு மேல். மருந்தும் சாப்பாடும் கொழும்புக் கணக்குக்குத்தான் வந்தது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 அறிக்கையில் இதை எழுதியிருக்கிறது. வெளியேற முயன்ற சனத்தைப் புலிகள் மறித்ததையும் சுட்டதையும் அதே அறிக்கை எழுதியிருக்கிறது. போர் முடிந்து செட்டிகுளம் மெனிக் பாம் முள்வேலிக்குள் எண்ணிப் பார்த்தால், எழுபதினாயிரம் குட்டிபோட்டு மூன்று இலட்சத்துக்குக் கிட்ட நின்றது. ஒரு மருத்துவ மாணவன் நோயாளிக்கு நாலில் ஒரு பங்கு டோஸ் எழுதினால் சோதனையில் தோற்பான். ஒரு மாவட்டத்துக்கே அப்படி எழுதியவர்கள் வெற்றி விழாவில் மேடையில் இருந்தார்கள்.

மயக்க மருந்து இல்லாமல் கை கால் அறுத்த காலம் அது. அன்டிபயட்டிக் இல்லாமல் சீழ் பிடித்த காயங்களின் காலம். செஞ்சிலுவைக் கப்பல் மாத்தளனிலிருந்து புல்மோட்டைக்குக் காயப்பட்டவர்களை ஏற்றியது. அந்த நேரத்தில், அந்தக் கடற்கரை மணலில், காசநோய் மருந்தின் நான்காம் மாதத்தில் நின்றவர் என்று ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய சிகிச்சை அட்டை எந்தப் பதுங்குகுழியில் நனைந்தது? அவரை எந்த நிரலில் போடுவது? மருந்தை நிறுத்தியவரா? சிகிச்சை தோல்வியா? பதிவேட்டில் 'வேறிடத்துக்கு மாற்றப்பட்டவர்' என்றும் ஒரு நிரல் உண்டு. போர் முடிந்த மே 18 க்குப் பிறகு முள்ளிவாய்க்காலில் அந்த நிரல்தான் நீளம்.

மருந்தில்லை என்று செய்மதித் தொலைபேசியில் உலகத்துக்குச் சொன்ன அரச வைத்தியர்களைப் பிடித்து வைத்தார்கள். 2009 ஜூலை 8 இல் பத்திரிகையாளர் முன்னால் கொண்டுவந்து இருத்தினார்கள். முன்பு சொன்ன எண்ணிக்கை எல்லாம் கூட்டிச் சொன்னவை என்று அவர்கள் சொன்னார்கள். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, விழுங்கியதைக் காட்டியாயிற்று. நான் பார்த்த நேரடிக் கண்காணிப்புகளில் அதுபோல் நூற்றுக்கு நூறு ஒழுங்காக நடந்தது வேறில்லை.

பிறகு 2022. ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை அரசு, வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அறிவித்தது. தவறிய வட்டிக்கு முப்பது நாள் சலுகை இருந்தது. சலுகை முடிந்த நாள் மே 18. வன்னியில் அந்தத் திகதியை யாரும் நாட்காட்டியில் தேடுவதில்லை. அடுத்த நாள் மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்க, ஆம், நாங்கள் டிபோல்ட் என்று ஒப்புக்கொண்டார். என் மேசனும் நாடும் ஒரே பட்டம் பெற்றவர்கள். ஆனால் மரியாதையில் எவ்வளவு வித்தியாசம்! நாட்டைத் தேடி யாரும் மோட்டார்சைக்கிளில் வரவில்லை. நாட்டுக்கு விழிப்புணர்வு குறைவு என்று யாரும் எழுதவில்லை. நாடு செய்தால் அதற்குப் பெயர் கடன் மறுசீரமைப்பு.

2023 மார்ச் 20 இல் சர்வதேச நாணய நிதியம் நான்கு வருடத்துக்கு ஏறத்தாழ மூன்று பில்லியன் டொலர் மருந்து எழுதிக் கொடுத்தது. காசநோய் தினத்துக்கு நாலு நாள் முன்னம். இது பதினேழாவது தரம். முன்னம் பதினாறு தரம் இதே கிளினிக்கில் துண்டு போட்டிருக்கிறது இந்த நாடு. 2016 இல் தொடங்கியதைக் கடைசித் தவணை வாங்காமலே விட்டுவிட்டு வந்தது, உடம்பு தேறிவிட்டது என்று நினைத்து. என் மேசன் செய்ததும் அதுதான். பதினேழு தரம் வந்த நோயாளியைப் பார்த்தால் எந்த மார்புநோய் வைத்தியரும் சொல்வார், இது இனிச் சாதாரண மருந்துக்கு அசையாது என்று. இம்முறை நிதியமும் உஷார். தவணைக்குத் தவணை ஆள் அனுப்பி, வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்கிறது. அரசாங்கம் திறந்து காட்டுகிறது. வாயில் ஒன்றும் இல்லை. ஏனென்றால் விழுங்கியது மேசன். 2024 சனவரி முதலாம் திகதியிலிருந்து பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினெட்டு. குளிசை அவர்களுக்கு, கசப்பு எங்களுக்கு.

மருந்து வாங்க டொலர் இல்லாத அந்த நாட்களில் ஆஸ்பத்திரிகளில் சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப்போட்டார்கள். பஞ்சத்துக்கும் ஒரு வியாபாரம் உண்டு. அவசரக் கொள்வனவில் வந்த இமியூனோகுளோபுலின் மருந்துக் குப்பியைச் சோதித்தால் உள்ளே உப்புத் தண்ணீரும் பக்டீரியாவும் என்றார்கள். கிருமியைக் கொல்ல மருந்து கேட்ட நாட்டுக்குக் கிருமியையே போத்தலில் அடைத்து விற்றதாகக் குற்றச்சாட்டு. 2024 பெப்ரவரி 2 இல் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல கைதானார், வழக்கு நீதிமன்றத்தில். அதற்கு முன், 2021 இல், எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம் என்று தீர்மானிக்கிற தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரசாங்கக் கணினி மேகத்திலிருந்து அழிந்துபோயின. மேகம்தானே, கலைந்துவிட்டது. மேசனின் இரண்டு மாதக் கணக்கு மட்டும் எந்த மேகத்திலும் கலையாமல் பத்திரமாக இருக்கிறது, சிவப்பு மையில்.

இதே நாட்டில்தான் சேனக பிபிலே என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை 1971 இல் நிறுவி, ஆயிரக்கணக்கான வியாபாரப் பெயர்களை ஒதுக்கி, தேவையான மருந்தை மருந்தின் பெயரிலேயே மலிவாக வாங்கலாம் என்று காட்டியவர். 1974 இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் வாங்கிய மூலப்பொருளில் டெட்ராசைக்கிளின் செய்து தர ஃபைசர் மறுத்தது. நாடு அதிக விலைக்கு விமானத்தில் மருந்து இறக்கியது. அன்றைக்கு அந்தக் கம்பனியை அரசுடைமை ஆக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அரசுக்குத் துணிவு வரவில்லை. 1977 இல் கயானாவில் அவர் இறந்தார். அவருக்கு முத்திரை வெளியிடுகிறோம், மண்டபத்துக்குப் பெயர் வைக்கிறோம். அவருடைய சிகிச்சையை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டோம்.

கடல் கடந்தும் நம் சனத்தின் நெஞ்சு உலகத்துக்குப் பாடம் எடுத்திருக்கிறது. 1956 இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தில் வாலஸ் ஃபொக்ஸ் குழுவினர் 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குச் சானட்டோரியக் கட்டில், நல்ல சாப்பாடு, ஓய்வு. மற்றப் பகுதி தங்கள் நெருக்கடிக் குடிசையிலேயே, கஞ்சியோடு, வேலையோடு. மருந்து இரு பகுதிக்கும் ஒன்று. வருட முடிவில் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்துக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959 இல் இதை வெளியிட்டார்கள். உலகம் சானட்டோரியங்களை மூடத் தொடங்கியது. கட்டடம் அல்ல, மருந்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதுதான் வைத்தியம் என்று சென்னைக் குடிசைகள் நிரூபித்தன. அறுபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் இந்தச் செய்தி மாங்குளம் சந்தி தாண்டவில்லை. இங்கே இன்னும் நாடா வெட்டுகிறோம். கட்டடத்தின் பெயர்ப்பலகையில் அமைச்சரின் பெயர் மூன்று மொழியில்; உள்ளே எக்ஸ்ரே எடுக்கிற பதவிக்கு ஒரு மொழியிலும் ஆள் இல்லை.

ரிபாம்பிசின் 1960களில் வந்தது. அதற்குப் பிறகு காசநோய்க்கென்று புது வகை மருந்தொன்று சந்தைக்கு வர 2012 டிசெம்பர் ஆகியது: பெடாகுவிலின். நாற்பது வருட இடைவெளியில் விஞ்ஞானிகள் தூங்கவில்லை. மொட்டைத் தலைக்கும் தளர்ந்த ஆண்மைக்கும் மருந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். காசநோய்க்காரன் சாவதற்குக் காசு கொடுப்பதில்லை, பிழைப்பதற்கும் கொடுக்க வழியில்லை. அவன் சந்தை இல்லை. இடைக்காலத்தில் மருந்துக்கு அடங்காத நோய்க்கு இரண்டு வருடம் வரை சிகிச்சை கொடுத்து, அதில் பல மாதம் கனமைசின் முதலிய ஊசி போட்டார்கள். உயிர் தப்பியவர் பலருக்குக் காது போயிற்று. மும்பையில் நந்திதா வெங்கடேசனுக்குப் போயிற்று. தென்னாபிரிக்காவில் பூமேசா டிசிலேக்குப் போயிற்று. காது கேளாத இந்த இரண்டு பெண்களும் சேர்ந்து, ஜோன்சன் அன்ட் ஜோன்சன் பெடாகுவிலின் மீது இன்னும் நாலு வருடத்துக்கு உரிமை நீட்டக் கேட்ட மனுவை இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் அந்த மனு தள்ளுபடியானது. மருந்தின் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. காது கேட்கிறவர்கள் எல்லாரும் அந்த நேரம் எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை. இப்போது ஊசியே இல்லாமல் ஆறு மாதத்தில் முடிகிற கூட்டு மருந்தும் வந்துவிட்டது. பெடாகுவிலினுக்கு அசையாத கிருமியும் வந்துவிட்டது.

2023 இல் உலகத்தில் 1 கோடியே 8 இலட்சம் பேருக்குக் காசநோய். 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஏறத்தாழ நாலு இலட்சம் பேருக்கு மருந்துக்கு அடங்காத வகை. இலங்கையில் பிந்திய வகை ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான், அதற்காக அந்த பிஎச்ஐ தம்பிகளையும் கிளினிக் மிஸ்மாரையும் கும்பிடலாம். பெற்றோலுக்குச் சொந்தக் காசு போட்டு அவர்கள் பிடித்து வைத்திருக்கிற அணை அது. இந்த நிலையில்தான் 2025 சனவரி 20 அன்று வாஷிங்டனில் ஒருவர் தடித்த பேனாவால் ஒரு கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டு உதவி தொண்ணூறு நாளுக்கு நிறுத்தம். காசநோய் ஆராய்ச்சிகள் நடுவழியில் நின்றன, பல நாடுகளில் மருந்து விநியோகம் தடுமாறியது. தொண்ணூறு நாள் என்றால் மூன்று மாதம். மேசனுக்கு இரண்டு மாதத்திலேயே பட்டம் கொடுத்தோம். அந்தப் பேனாக்காரரின் படலைக்கு எந்த பிஎச்ஐ தம்பியை அனுப்புவது?

மேசன் திரும்ப மருந்து தொடங்கிவிட்டார். முதல் நாளிலிருந்து, முழு ஆறு மாதம். சளியைப் புது மெஷினில் போட்டுப் பார்த்ததில் ரிபாம்பிசினுக்குக் கிருமி இன்னும் அடங்குகிறதாம். இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிவு வந்துவிட்டது. பிஎச்ஐ தம்பி தான் வேலைக்குப் போகிற வழியில் விடிய ஆறரைக்கு அவரைக் கிளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுகிறார். மிஸ் தன் நேரத்துக்கு முன்னமே வந்து கதவு திறக்கிறா. ஒரு சுற்றறிக்கையிலும் இது இல்லை.

முதல் நாள் குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடித்ததும் மிஸ் சொன்னா: "வாயைத் திறவுங்கோ அண்ணை. நாக்கைத் தூக்குங்கோ."

தூக்கிக் காட்டிவிட்டு மேசன் கேட்டார்: "மிஸ், மருந்தை நிப்பாட்டின மற்றப் பெரிய ஆக்களையும் இப்பிடித்தான் வாய் திறக்கச் சொல்லிப் பாக்கிறவையோ?"

மிஸ் அட்டையில் கோடு கிழித்துக்கொண்டே சொன்னா:

"அவையின்ர வாய் எப்பவும் திறந்துதானே அண்ணை கிடக்கு."